நடை சாத்திய பிறகு

மார்ச் 3, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் வந்து மூன்று பொட்டிகளை என் உடம்பில் கட்டிவிட்டுப் போனாள். வத்திப்பெட்டி அளவுதான். ஒன்று இடுப்பில் பெல்ட்டோடு, மற்ற இரண்டும் கணுக்காலுக்கு ஒன்றாக. பேர் சென்சாராம். நான் வீட்டில் எப்படி நடக்கிறேன், எந்தக் காலை எவ்வளவு தூக்குகிறேன், திரும்பும்போது தள்ளாடுகிறேனா, எல்லாம் அதற்குத் தெரியுமாம். அது டிவிக்குப் பக்கத்தில் சொருகியிருக்கிற டப்பாவுக்குச் சொல்லும். டப்பா ஆஸ்பத்திரிக்குச் சொல்லும். ஆஸ்பத்திரி என் மகனுக்குச் சொல்லும். ஆக மொத்தம் மூன்று கோள்சொல்லிகளைக் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

கல்யாணத்துக்கே ஒட்டியாணம் போடாதவள் நான். மாலை மாற்றினோம், உறுதிமொழி படித்தோம், முடிந்தது. ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. எழுபத்து நாலு வயதில் இடுப்புக்கு ஒட்டியாணமும் காலுக்குக் கொலுசும் வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்தப் பெண் பேர் பெனாசிர். நடைப்பயிற்சி கொடுக்கிறவள், பாலக்கரைக்காரி, கலகலவென்று பேசுகிறாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் டாக்டர் பார்க்கிறார் என்று எல்லாரும் நன்றாகத்தான் நடப்பார்களாம், யாரும் பார்க்காதபோது எப்படி நடக்கிறார்கள் என்பதுதான் வேண்டுமாம்.

"யாரும் பாக்காதப்பவும் நான் இப்படித்தான்மா" என்றேன்.

போன நவம்பரில் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தேன். இடுப்பு எலும்பு விட்டுப்போய்க் கம்பி வைத்தார்கள். வழுக்கி உட்கார்ந்ததுதான். எழிலன்தான் ஊரெல்லாம் "அம்மா விழுந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். இப்போது கைத்தடியோடு நடக்கிறேன், வீட்டுக்குள் அதுவும் இல்லாமல். ஆனாலும் நான் தனியாக இருக்கக் கூடாது என்று அவன் பிடிவாதம். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். இரண்டு வாரம் இந்தப் பொட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டும். நடை சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் என் வீட்டில் நான். இல்லையென்றால் இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவனோடு கோயம்புத்தூர்.

பார்த்துவிடுவோம் என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

சின்ன வெங்காயம் வாங்கி வந்து உரித்தேன். வெயில் ஏறுவதற்குள் வடகம் போட்டுவிட வேண்டும். பொட்டி இடுப்பில் உறுத்துகிறது. புடவைக்கு மேலே கட்டினால் நழுவுகிறது, உள்ளே கட்டினால் வேர்க்கிறது. கண்டுபிடித்தவன் புடவை கட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு, ஏனம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கீழே போய்க் கொஞ்சம் நடந்தேன். பிள்ளையார் கோயிலைச் சுற்றித் தரை சமமாக இருக்கிறது, அதனால் அங்கே. அந்த நேரத்தில் நடை சாத்தியிருக்கும், ஆள் நடமாட்டம் இருக்காது. நடப்பதற்கு வசதி.

நடந்தால் மார்க்கு கூடத்தானே செய்யும்.

மார்ச் 5, புதன்

இன்றைக்குக் கீழே போகுமுன் பொட்டிகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். செருப்பில் கால் நுழைக்கவில்லை, அதற்குள் போன். எழிலன்.

"ஏம்மா கழட்டினே?"

"குளிக்கப் போறேன்."

"ரெண்டரை மணிக்கா?"

"எனக்குத் தோணும்போதுதான் குளிப்பேன்."

கழற்றினால் அவன் போனுக்குச் செய்தி போகிறதாம். திரும்பக் கட்டிக்கொண்டேன். ஒளித்து வைக்கிறேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். பொட்டிக்கென்ன, நடக்கிறேன் என்பது மட்டும்தானே அதற்குத் தெரியும். எங்கே நடக்கிறேன் என்பது தெரியாது. பெனாசிரிடம் முந்தாநாளே கேட்டு வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

வெயில். தரை தோசைக்கல்லாகக் கிடக்கிறது. உள்ளங்காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

கோயிலைச் சுற்றித் தரையில் யாரோ ஈரச் சாக்கைப் போட்டிருக்கிறார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் மறந்துவிட்டுப் போயிருப்பான். ஒழுங்காக மடித்து வைக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் கிடையாது. இருந்தாலும் காலுக்கு இதமாக இருந்தது.

வரும்போது ருக்குமணி ஜன்னலில் நின்றாள். கீழ்த்தளத்துக்காரி. அவள் ஜன்னலைத் திறந்தால் நேரே கோயில்தான். முப்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து பிள்ளையாருக்குப் பூக் கட்டுகிறாள், முப்பது வருஷமாக என்னை வம்புக்கு இழுக்கிறாள்.

"என்னடி சிவபாக்கியம், உன் வீட்டுக்காரர் போட்ட கேசு முடிஞ்சுதா? நீயே நேர்ல வந்து விசாரிக்கிற?"

டாக்டர் நடக்கச் சொன்னார், அதனால் நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். அவள் விடவில்லை. டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னாரா என்று பின்னாலேயே கேட்டாள்.

காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

அந்தக் கேசைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

இந்த ஹவுசிங் போர்டு குடியிருப்புக்கு நாங்கள் வந்தபோது இப்போது கோயில் இருக்கிற இடம் பொதுவழி. மூன்று பிளாக் ஜனமும் அதன் வழியாகத்தான் தண்ணீர் தூக்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் அங்கே ஒரு செங்கல்லும் அதன்மேல் மஞ்சள் துணியும். அடுத்த வாரம் கூரை. எங்கள் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டைக்காரர், அவர் சும்மா இருப்பாரா? போர்டுக்கு மனு, கோர்ட்டில் கேசு, தெருமுனையில் கூட்டம். சுவர் எழுப்ப வந்தவர்களைத் தடுக்கப் போனபோது அவர் தோளில் கம்பால் அடித்தார்கள். எழிலன் அப்போது அரை டவுசர். அவனுக்கும் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. கேசு நாலு வருஷம் நடந்து தோற்றுப்போனது. கோயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து எழிலன் அந்தக் கோயில் சுண்டலை வாயில் வைத்ததில்லை. இப்போதும் காரை அந்தப் பக்கம் நிறுத்தமாட்டான்.

நானும் உள்ளே கால் வைத்ததில்லை. எங்கப்பா வைத்த சிவபாக்கியம் என்கிற பேரை மாற்றச் சொல்லி அவர் கல்யாணமான புதிதில் கேட்டார். பேரை மாற்றமாட்டேன், வேண்டுமானால் விபூதியை விடுகிறேன் என்றேன். விட்டேன். சொன்னால் சொன்னதுதான் எனக்கு.

மார்ச் 9, ஞாயிறு

வடகம் போட்டேன். எழிலனும் மருமகள் சுகந்தியும் போனில் பேசினார்கள். பொட்டி இதுவரைக்கும் என்ன சொல்கிறது என்று கேட்டேன். முழுக்க முடிந்தால்தான் தெரியும் என்றான். சுகந்தி, "அத்தை, அங்கே லிஃப்ட் இருக்கு, பதினோராவது மாடின்னாலும் கஷ்டம் தெரியாது" என்றாள். அவள் நல்லதற்குத்தான் சொல்கிறாள். பதினோராவது மாடியிலிருந்து கீழே பார்த்தால் யாரை வம்புக்கு இழுக்க முடியும்?

மார்ச் 10, திங்கள்

இன்றும் ஈரச் சாக்கு. நாலு பக்கமும் வரிசையாக, நான் கால் வைக்கிற இடமாகப் பார்த்துப் போட்டிருக்கிறது. செடிக்காரன் இவ்வளவு ஒழுங்காக மறப்பானா?

மார்ச் 11, செவ்வாய்

காலையில் சிலிண்டர் வந்தது. மத்தியானம் மாடிப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ருக்குமணி குனிய முடியாமல் குனிந்து, காலாலேயே சாக்கைத் தள்ளித் தள்ளி விரித்துக்கொண்டிருந்தாள். பிறகு வாளியை இழுத்து வந்து சொம்பால் ஊற்றினாள். அவளுக்கு இரண்டு முட்டியும் போய்ப் பல வருஷமாகிறது.

அவள் வீட்டுக்குள் போகும் வரைக்கும் படியிலேயே நின்றுவிட்டுப் பிறகுதான் இறங்கினேன். ஜன்னல் சாத்தியிருந்தது. தெரியாதது போல நடந்துவிட்டு வந்தேன். அவளும் தெரியாதது போல இருந்தாள்.

மார்ச் 12, புதன்

இனி எழுதாமல் இருப்பதில் அர்த்தமில்லை. ருக்குமணிக்குத் தெரிந்தது இந்தத் தாளுக்குத் தெரிந்தால் என்ன?

நான் அங்கே போவது நடைப்பயிற்சிக்கு இல்லை. அடிப்பிரதட்சிணம் செய்கிறேன். ஒரு பாதத்தின் கட்டைவிரலை ஒட்டி அடுத்த பாதத்தின் குதிகாலை வைத்து, இடைவெளி விடாமல், அடியடியாகக் கோயிலைச் சுற்றுவது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒருநாளும் விடாமல் செய்வதாக வேண்டுதல். பொட்டி வருவதற்கு முன்னாலேயே பாதிக்கு மேல் முடித்துவிட்டேன்.

அன்றைக்கு ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேலே விளக்கு விளக்காகப் போய்க்கொண்டிருந்தது. தள்ளுகிற இரண்டு பேரும் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்த வயதில் எழுந்து நடந்தால் பெரிசு, அநேகமாகப் படுக்கைதான் என்று ஒருவன் சொன்னான். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தான் போல. அப்போது வாயில் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் யாரை எதிர்த்துக் கேசு போட்டாரோ அதே ஆளிடம் சொன்னேன். என்னை எழுப்பி நடக்க விட்டால் உன்னைச் சுற்றி ஒரு மண்டலம் அடிப்பிரதட்சிணம் செய்கிறேன் என்றேன்.

மயக்க மருந்து வேகத்தில் சொன்னது என்று விட்டுவிடலாம். ஆனால் ஊசி போட்டது அதற்கப்புறம்.

பயந்து சொல்லவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

மார்ச் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் மத்தியானம் வரைக்கும் கூட்டம் நிற்கவில்லை. குருக்கள் ஸ்கூட்டரை எடுக்கும் வரை மாடியிலேயே காத்திருந்தேன். கீழே போகும்போது மணி மூன்றாகிவிட்டது. சாக்கு காய்ந்து போய், மறுபடி நனைத்திருந்தது.

மார்ச் 17, திங்கள்

பெனாசிர் வந்து பொட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனாள். வடகம் கொஞ்சம் கட்டிக் கொடுத்தேன். எத்தனை மார்க்கு வரும் என்று கேட்டதற்குச் சிரித்தாள். இடுப்பு லேசாகிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஜெயிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எழிலன் போனில், ஸ்பீக்கரில் இருந்தான். காலையில் என் நடை நன்றாக இருக்கிறதாம். சாயங்காலமும் நன்றாக இருக்கிறதாம். வயதுக்கு இது நல்ல நடை என்றார். அதுவரைக்கும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

"மத்தியானம் ரெண்டரை மணிக்கு மேல உங்களுக்கு என்னம்மா ஆகுது?"

ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

தினமும் அந்த நேரத்தில் கோடு அப்படியே கீழே விழுகிறது. ஒரு கால் இன்னொரு காலைத் தாண்டவே இல்லை, பாதம் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறது, வேகம் ஆமையை விடக் குறைவு என்று விவரித்தார். தூங்கி எழுந்து நடக்கிறீர்களா, மாத்திரை போட்டபிறகா, தலை சுற்றுகிறதா என்று பெனாசிரும் மாற்றி மாற்றிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றேன். அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது என்றார் டாக்டர். நரம்பு சம்பந்தப்பட்ட நோயாக இருக்கலாம், ஆரம்பத்தில் இப்படித்தான் சில நேரம் மட்டும் காலைப் பிடித்துக்கொள்ளும், தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவரை தனியாக இருக்க வேண்டாம் என்றார்.

போனில் எழிலன் மூச்சுவிடுவது கேட்டது. "சனிக்கிழமை வந்து கூட்டிட்டு வந்துடறேன் டாக்டர்" என்றான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நடந்தால் மார்க்கு கூடும் என்றல்லவா நினைத்தேன்.

மார்ச் 19, புதன்

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸ்கேனும் வேண்டாம், கோயம்புத்தூரும் வேண்டாம். சொல்லமாட்டேன். நோய் என்றால் இரக்கப்படுவார்கள், வேண்டுதல் என்றால் சிரிப்பார்கள். மற்றவர்கள் சிரிக்கட்டும், நான் பார்க்காத சிரிப்பா? எழிலன் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியாது. கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டு வந்து, அழாமல் என் மடியில் படுத்தவன்.

இன்னும் சில நாள்தான் பாக்கி. சனிக்கிழமை வந்து தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும் என்கிறான். மண்டலம் முடிவது திங்கட்கிழமை.

போனேன், நடந்தேன், வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

ருக்குமணி மாடி ஏறி வந்தாள். இந்த முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவள் இரண்டு மாடி ஏறியதில்லை. படி படியாக நின்று, கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கினாள். தண்ணீர் கொடுத்தேன்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள், எனக்கு நரம்புக் கோளாறு, மகன் வந்து கூட்டிப் போகிறான் என்று.

"கோளாறு உன் நரம்புல இல்லடி, மண்டையில. அந்த டாக்டர்கிட்ட உண்மையைச் சொன்னா என்ன?"

"உன் வேலையைப் பாரு."

"நீ சொல்லலைன்னா உன் மகன்கிட்ட நான் சொல்றேன்."

"சொன்னா உன் வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"இப்ப மட்டும் மிதிச்சியாக்கும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் கொஞ்ச நேரம் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் அவர் படம், மாலை இல்லாமல், பொட்டு இல்லாமல். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல மனுஷன்தான். வாயி ஜாஸ்தி" என்றாள்.

சாக்குக்கு நன்றி சொல்லவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு முதல் தளம் வரைக்கும் விட்டுவந்தேன். என் கைத்தடியை மாடியிலேயே மறந்துவிட்டேன் என்பது திரும்பி ஏறும்போதுதான் தெரிந்தது.

மார்ச் 21, வெள்ளி

துணி மடித்தேன். பாதியை மறுபடி அலமாரியில் வைத்தேன். வடகத்தை மட்டும் டப்பாவில் அடைத்தேன்.

மார்ச் 22, சனி

நிதானமாக எழுத வேண்டும்.  

எழிலன் காலையிலேயே வந்துவிட்டான். இட்லி சாப்பிட்டான். என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து இவ்வளவுதானா என்றான். வீட்டைப் பார்க்க ஒரு வாடகைக்காரரை வரச் சொல்லியிருந்தான். அவர் வந்து தண்ணீர் எப்போது வரும் என்று என்னையே கேட்டார். சரியாக வராது, கொசு உண்டு, மேல்வீட்டில் சண்டை என்று சொல்லி அனுப்பினேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் இவன் தூங்குவான், நான் போய்விட்டு வந்துவிடலாம் என்று இருந்தேன். தூங்கவில்லை. டாக்டர் சொன்ன அந்த இரண்டரை மணியைப் பார்ப்பதற்காகவே நாற்காலியை எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டான். அரைமணிக்கு ஒருதரம், "காலு எப்படிம்மா இருக்கு?" சமையலறைக்கு எழுந்தால் கூட எழுந்தான். கீழே போய்க் கொஞ்சம் நடக்கிறேன் என்றதற்கு, இந்த வெயிலிலா, அதுவும் இந்த நேரத்திலா என்று கதவுக்குக் குறுக்கே நின்றான். கெட்ட எண்ணத்தில் இல்லை. பயத்தில்.

நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. கீழே மணி அடித்தது. நடை திறந்துவிட்டார்கள். சனிக்கிழமைக் கூட்டம், பிள்ளைகள், பெஞ்சில் பெரிசுகள். இந்த மண்டலத்தில் ஒருநாளும் நடை திறந்திருக்கும்போது நான் போனதில்லை. இன்றைக்குப் போகவில்லையென்றால் இத்தனை நாள் நடந்தது எல்லாம் வீண். ஒருநாளும் விடாமல் என்றுதான் சொல்லியிருந்தேன்.

எழுந்தேன். நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டேன். திருட்டுத்தனமாகப் போகிறபோது கட்டுகிற பழைய புடவை வேண்டாம் என்று தோன்றியது.

"எங்கம்மா?"

"வா, காட்டறேன். மத்தியானம் எனக்கு என்ன ஆகுதுன்னு டாக்டர் கேட்டாருல்ல."

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினதும் பெஞ்சில் பேச்சு நின்றது. எழிலன் தெருவிலேயே நின்றுவிட்டான். ருக்குமணி பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்காமல் முதல் அடியை வைத்தேன், அதன் விரலில் ஒட்டி அடுத்த குதிகால். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ஒரு சின்னப்பிள்ளை என்னைப் பார்த்து அதே மாதிரி நடக்கப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

முதல் சுற்று முடித்து வாசல் பக்கம் வரும்போது எழிலன் கோயில் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தான்.

"இதுதானா?"

"இதுதான்."

"தினமுமா?"

"நடை சாத்தின பிறகு."

அவன் முகத்தைப் பார்க்க முடியாது என்று எழுதியிருந்தேனே, பார்த்தேன். சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது.

"அப்பா அடி வாங்கின இடம்மா இது."

"தெரியும்டா. அந்த மூலையில. தினமும் அங்கே வரும்போது ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் போறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"நீ சிரிச்சா தாங்கமாட்டேன். அழுதா அதைவிடத் தாங்கமாட்டேன்."

கம்பியைப் பிடித்த கையை எடுத்தான். பிறகு மெல்ல, "நம்புறியாம்மா?" என்று கேட்டான். அவர் குரல் மாதிரியே இருந்தது.

"அவரு இருக்காரா இல்லையான்னு உங்கப்பா கேட்டாரு. அது உங்கப்பாவோட கேள்வி. நான் சொன்னேனா இல்லையா, அதுதான் என் கேள்வி. சொன்னேன். நடக்கறேன். விடு, நடுவுல நிக்கக் கூடாது."

அடுத்த சுற்று போனேன். திரும்பி வரும்போது பார்த்தால், என் செருப்பைக் கூட்டத்தில் யாரோ மிதித்துத் தள்ளியிருந்ததை எடுத்து ஒரு கையில் வைத்திருந்தான். மறு கையில் என் கைத்தடி. குருக்கள் அவனிடம் விபூதித் தட்டை நீட்டினார். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான், காலியில்லை என்று. கும்பிடுகிற சங்கடமும் இல்லை, மறுக்கிற சங்கடமும் இல்லை. என்னிடமும் நீட்டினார். எனக்கும் பிள்ளையாருக்கும் பேச்சு இந்த நடையோடு சரி என்று சொல்லிவிட்டு அடுத்த குதிகாலை ஒட்டி வைத்தேன்.

எல்லாச் சுற்றும் முடியும் வரைக்கும் அவன் அங்கேயே நின்றான், செருப்போடு.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று நான் நடப்பதைக் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து போனில் படமெடுத்திருக்கிறான். எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. அதைப் பெனாசிருக்கு அனுப்பினான். அவள் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"பாட்டி, இதை ஏன் முன்னாடியே சொல்லலை? நாங்க ஆஸ்பத்திரியில வெக்கிற பரீட்சையே இதுதான். கோட்டு மேல குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொல்லுவோம். பத்தடிக்குள்ள பாதிப் பேரு சுவத்தைப் பிடிச்சுடுவாங்க."

அது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது வேறு என்றேன். எதற்காக நடந்தேன் என்று அவள் கேட்டாள். சொன்னேன். கேட்டுவிட்டு, அவள் பாட்டியும் இப்படித்தானாம், நேர்ந்துக்கிட்டா விடமாட்டாங்களாம், நாகூருக்கு என்றாள்.

டாக்டரும் பார்த்துவிட்டார். வியாழக்கிழமை நேரில் வந்து நடந்து காட்ட வேண்டும், அதுவரைக்கும் ஸ்கேன் பேச்சு இல்லை, தனியாக இருப்பதிலும் தடையில்லை என்றாராம். ஆனால் குளியலறையில் கைப்பிடிக் கம்பி போட்டே ஆக வேண்டும். எழிலன் கடைக்குப் போய் வாங்கி வந்து ஆளை வைத்துப் போட்டுவிட்டான். நான் எதிர்ப்பேன் என்று பார்த்தான். எதிர்க்கவில்லை. விழுந்தவளுக்குக் கம்பி வேண்டும்தான்.

மத்தியானம் வழக்கமான நேரத்துக்குப் போனேன். அவன் ஜன்னலில் நின்று பார்த்தான். சாயங்காலம் கிளம்பினான். வடக டப்பா மட்டும் காரில் ஏறியது. கிளம்பும்போது காரைக் கோயில் பக்கமாகத் திருப்பித்தான் கொண்டுபோனான். அந்த வழிதான் கிட்டே.

மார்ச் 24, திங்கள்

முடிந்தது. சொன்னதைச் செய்துவிட்டேன். பிள்ளையாருக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. இடுப்பில் கம்பி வைத்தது டாக்டர், நடந்தது நான், சாக்கு போட்டது ருக்குமணி.

மார்ச் 25, செவ்வாய்

இரண்டரை மணிக்குப் பழக்கத்தில் கால் வாசலுக்குப் போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோயிலைச் சுற்றி ஈரச் சாக்கு விரித்திருந்தது.

"முடிஞ்சுபோச்சுடி" என்று மாடியிலிருந்தே கத்தினேன். "இனிமே யாருக்குப் போடறே?"

ருக்குமணி அண்ணாந்து பார்த்தாள். "உனக்குன்னு யாரு சொன்னா? நான் நடக்கப் போறேன். கூட்டத்துல தடுமாறினா மானம் போயிடும். அதான், நடை சாத்தட்டும்னு இருந்தேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வாசலில் கழற்றினேன். அவளுக்கு முதல் அடியே கோணல். ஒட்டி வை, ஒட்டி வை என்றேன். உன் வேலையைப் பாரு என்றாள். ஆனால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே பிள்ளையார் பூட்டிய கம்பிக் கதவுக்குப் பின்னால் ஓய்வில் இருந்தார். வெளியே நாங்கள் இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தோம்.